மருமகனுக்கு எந்த 303? ஐந்து பழைய துவக்குகளும் அப்பாவின் படமும்

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் வட்ஸ்அப்பில் ஆறு படங்கள் அனுப்பியிருந்தான். ஐந்து, விற்பனைக்கு வந்த பழைய இராணுவத் துவக்குகள். ஆறாவது எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்து, அக்கா கனடாவுக்குப் போகும்போது கொண்டுபோன படம். காக்கி உடுப்பில் என் அப்பா, மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரி என்ற அரசாங்க அலுவலக வாசலில் காவல் நிற்கிறார். பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு 303 துவக்கு.

"மாமா, அம்மப்பா வச்சிருக்கிற மாதிரி ஒண்டு வாங்கிச் சுவரில மாட்டோணும். இந்த அஞ்சில எது சரி? கேக்கிற விலை ஞாயமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிக் காலத்தில் கடேற் அணியில் துவக்குகளைத் துடைத்து எண்ணி அடுக்கும் வேலை என்னுடையது. தியத்தலாவை முகாமில் ஒரு போல்ட், அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு, குறைந்துபோய் இரவு முழுக்கத் தேடிய அனுபவமும் இருக்கிறது. பிறகு மெல்பேர்னில் பதினெட்டு வருடம். அங்கே உரிமம் எடுத்து நான்கைந்து பழைய துவக்குகள் சேர்த்தேன். கல்லடிக்குத் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

விற்காமல் வழியில்லை. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் பயந்து சொட்கன் வைத்திருக்கும் படுவான்கரை வேளாண்மைக்காரருக்கே அது பெரும்பாடு. இராணுவ றைபிள் சேகரிக்கிறேன் என்று இங்கே ஒருவர் வெளிக்கிட முடியாது. வயல் கிண்டும்போது துருப்பிடித்த ஏதாவது வெளியே வந்தாலும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அதற்கு விலை பார்க்கப் போகாதீர்கள். நான் எழுதுவது கனடா, அவுஸ்திரேலியா பக்கம் சட்டப்படி வாங்கக்கூடிய நம் பிள்ளைகளுக்கு.

முதலில் அப்பாவின் படத்தைப் பார்ப்போம். அப்பா பிடித்திருப்பது எது என்று தெரியாமல் "அதே மாதிரி" என்று பேச முடியாது.

303 என்பது ரவையின் பெயர். அந்த ரவையைச் சுடும் லீ என்ஃபீல்ட் துவக்குகள் பல வகை. அவற்றில் இரண்டுதான் சாதாரணமாகக் கண்ணில் படும். ஒன்று 1907இல் வந்த பழையது. எஸ்.எம்.எல்.ஈ. என்பார்கள், பிற்காலத்தில் நம்பர் 1 மார்க் 3 என்று பெயர் மாற்றினார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சில உறுப்புகளைக் குறைத்துச் செய்தபோது மார்க் 3க்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் சேர்ந்தது. மற்றது இரண்டாம் உலகப் போருக்காக வந்த நம்பர் 4. தூரத்தில் இருந்தே இரண்டையும் பிரிக்க மூக்கைப் பார்த்தால் போதும். பழையதில் மரம் குழலின் நுனிவரை போய், தட்டையான ஓர் இரும்பு மூடியோடு மொட்டையாக முடியும். நம்பர் 4இல் மரம் முன்னரே நின்றுவிடும். குழல் இரண்டு மூன்று அங்குலம் வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும். குறிபார்க்கும் சைட் பழையதில் குழலின் நடுப்பக்கத்தில் இருக்கும். நம்பர் 4இல் கண்ணுக்குக் கிட்ட, போல்ட்டுக்குப் பின்னால், துளை வடிவில் இருக்கும்.

அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொட்டை மூக்கு. ஆக அது நம்பர் 1. எந்தத் தொழிற்சாலையில் எந்த வருடம் செய்தது என்பதைப் படம் சொல்லாது. இந்த இடத்தை மருமகன் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்களில் ஒருவர் இதை வைத்துத்தான் காசு பார்க்கப் பார்க்கிறார்.

சரி, ஐந்துக்கும் வருவோம். விலைகள் எல்லாம் கனேடிய டொலரில், விற்பவர்கள் கேட்டவை.

இரண்டை உடனேயே தள்ளிவிடலாம். ரஷ்ய மொசின் நகான்ட் 91/30 ஒன்று, 550 டொலர். நல்ல துவக்கு, கெட்டியானது. மொசின் வகையில் மூன்று கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு நூறு டொலருக்கும் குறைவாகக் கிடைத்தது. இப்போது அந்தக் காலம் போய்விட்டது. படத்தில் ஒரு சதுரமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் தெரிகிறது. அது கிடங்கில் பிரித்துச் செப்பனிட்ட அடையாளம். அப்படிச் செப்பனிட்டவற்றில் உறுப்புகளில் பொறித்த இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பொருத்தியவர்களே திரும்பவும் பொறித்துவிடுவார்கள். அதெல்லாம் இருக்கட்டும், அப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் என்ன தொடர்பு? அடுத்தது.

மற்றது "ஜங்கிள் கார்பைன்" என்று 900 டொலருக்குப் போட்டிருந்தது. குட்டைக் குழல், முனையில் புனல் போல ஒரு மூடி, பார்க்க வலு எடுப்பு. மருமகனுக்கு இதில்தான் முதலில் கண் போயிருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் போனது.

மெல்பேர்னில் நான் வாங்கிய இரண்டாவது துவக்கே ஜங்கிள் கார்பைன்தான். விற்றவர் மலாயாக் காடு, பர்மா என்று அரை மணித்தியாலம் கதை சொன்னார். நான் தேநீரும் குடித்து, சொன்ன விலையையும் கொடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். துவக்குச் சேகரிப்பவர்களின் சங்கத்து முதியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, சைட்டை நிமிர்த்திப் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் திருப்பித் தந்தார். உண்மையான நம்பர் 5 கார்பைனில் சைட்டில் 800 யார் வரைதான் கோடு இருக்கும். என்னுடையதில் 1300 வரை இருந்தது. ஒரு நம்பர் 4ஐ அறுத்து, கடையில் வாங்கிய புனலை மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எந்தத் துவக்கும் வாங்கவில்லை; மனைவிக்கு அதில் சந்தோசம்.

உண்மையானதைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் உண்டு. எடை குறைப்பதற்காக, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரிலும் குழலின் அடிப்பகுதியிலும் இரும்பைக் கடைந்து எடுத்திருப்பார்கள். போல்ட்டின் குமிழிலும் துளை இருக்கும். நம்பர் 4ஐ அறுத்துச் செய்பவர்கள் நீளத்தைக் குறைப்பார்கள். இந்தக் கடைசலுக்கு மினக்கெடமாட்டார்கள். ஆனால் மருமகன் அனுப்பிய படத்துக்கு அவ்வளவு ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. ரிசீவரின் இடது பக்கத்தில் லோங் பிராஞ்ச் 1942 என்று, கனேடியத் தொழிற்சாலையின் பெயரும் வருடமும் தெளிவாகப் பொறித்திருக்கிறது. நம்பர் 5 கார்பைனைச் செய்தவை இரண்டே தொழிற்சாலைகள், ஃபஸாக்கர்லியும் ஷேர்லியும். இரண்டும் இங்கிலாந்தில். தொடங்கியது 1944இல். கனடாவில் 1942இல் செய்த ஜங்கிள் கார்பைன் என்று ஒன்று கிடையாது. பொய் சொல்கிறவர் பெயரையாவது அழித்திருக்கலாம்.

மீதி மூன்றுதான் உண்மையான போட்டி.

மூன்றாவது, லோங் பிராஞ்ச் நம்பர் 4 மார்க் 1 நட்சத்திரம், வேட்டைக்காக மரம் வெட்டியது, 350 டொலர். போர் முடிந்த பிறகு இந்தத் துவக்குகள் மலிவாகக் கொட்டிக் கிடந்தன. மானுக்கும் மூஸுக்கும் போகிறவர்கள் வாங்கி, முன்பக்க மரத்தைப் பாதியில் அறுத்து, மேல்மரத்தைக் கழற்றி எறிந்து, எடை குறைத்துப் பாவித்தார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்றைக்கு அந்த அறுவைதான் விலையை அரைவாசிக்கும் கீழே இறக்குகிறது.

மருமகனின் கணக்கு இப்படி: 350க்கு வாங்கி, புது மரம் போட்டால் முழுத் துவக்கு. முன்மரம், இரண்டு மேல்மரங்கள், வளையங்கள், முன்மூடி, திருகாணிகள் என்று விசாரித்ததில் 450 சொல்கிறார்களாம். மொத்தம் 800. அதோடு முன்மரத்தை இரும்புக்குப் பொருந்தச் செதுக்கி ஒட்டவைக்கும் வேலை. லீ என்ஃபீல்டில் அந்த மரவேலை சரியில்லாவிட்டால் குறி தவறும். இவ்வளவும் செய்து நாளைக்கு விற்கப் போனால், வாங்குகிறவர் மரத்தின் நிறத்தைப் பார்த்தே "திரும்பக் கட்டியது" என்பார். 800 வராது. கையால் செய்வதில் ஆசை இருந்தால் செய்யலாம், அது வேறு. குழலையும் அறுத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

நான்காவது, அதே லோங் பிராஞ்ச், 1943, முழு மரத்தோடு, 850 டொலர். அழகில்லை. மரம் கறுத்து, தோளில் வைக்கும் பிடங்கில் ஒரு வெட்டு. குழலில் நிறம் மங்கியிருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மரத்துக்கு வார்னிஷ் அடித்தவன், தான் விலையைக் கூட்டியதாக நினைப்பான்; சேகரிப்பவர் கண்ணில் அவன் குறைத்திருக்கிறான். தேய்த்தால் முத்திரைகளின் விளிம்பு போய்விடும். மரத்தை உப்புத்தாளால் உரசினால் அதில் அடித்திருந்த பரிசோதகர் முத்திரை போய்விடும். போனது வராது.

லோங் பிராஞ்ச் என்பது மருமகன் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து காரில் போகக்கூடிய தூரம். ரொறன்ரோவின் மேற்கு எல்லையில் 1940இல் கனேடிய அரசு தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை. போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். நம்பர் 4 மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது. வடக்கே ரோந்து போகும் கனேடிய ரேஞ்சர்கள் 2018 அளவில் புதுத் துவக்கு வரும்வரை இந்த நம்பர் 4ஐத்தான் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவ்வளவு பேர் வைத்திருந்ததால் உதிரிப்பாகம் தேடி அலையத் தேவையில்லை.

இதில் பார்க்க வேண்டியவை: இலக்கத்தில் எல் என்ற எழுத்து நடுவே வரும், அது லோங் பிராஞ்சின் அடையாளம். அமெரிக்காவில் சாவேஜ் செய்ததில் சி வரும். அந்த இலக்கம் ரிசீவரின் பின்பக்கம் இடது புறத்திலும், போல்ட் கைப்பிடியின் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒன்று. எண்களின் வடிவமும் ஒன்று. பழைய இலக்கத்தை அராவி விட்டுப் புதிதாக அடித்தால் அந்த இடம் தட்டையாகப் பளிச்சென்று தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. முன்மரத்தில் இலக்கம் இல்லை என்று மருமகன் குறை சொன்னான். அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

மார்க் 1 நட்சத்திரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. போல்ட்டைக் கழற்றுவதற்கு முந்தைய மாதிரியில் ஒரு பூட்டு இருந்தது. செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு மட்டும் விட்டார்கள். அந்த வெட்டின் ஓரம் நாளடைவில் உடையும். உடைந்தால் போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது தலை தானாகவே எழும்பிவிடும். போல்ட்டைத் திறந்து, வலது பக்கத் தண்டவாளத்தை வெளிச்சத்தில் கிட்டப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னேன். இந்த ஒரு படத்தை அனுப்பத் தயங்கும் ஆளிடம் வாங்க வேண்டாம்.

குழலுக்குள்ளே ரவையைச் சுழற்றிவிடும் பள்ளங்கள் இரண்டுதான் இருக்கின்றன, ஐந்து இருக்க வேண்டாமா என்றும் கேட்டான். போர்க்கால அவசரத்தில் லோங் பிராஞ்சும் சாவேஜும் இரண்டு பள்ளக் குழலும் செய்தன. இராணுவம் சோதித்து ஏற்றுக்கொண்டதுதான். அதைச் சாட்டி விலை குறைக்கக் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. உள்ளே கறுத்துப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் மட்டும் உண்மையாகவே குறைக்க வேண்டும். அந்தக் காலத்து ரவையின் அடியில் தீ மூட்டும் கெப்பில் இருந்த உப்பு, சுட்ட பிறகு கழுவாவிட்டால் குழலைத் தின்றுவிடும். நம்முடைய களப்புக் காற்றில் சைக்கிள் செயின் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஐந்தாவதுதான் மொட்டை மூக்கு. எஸ்.எம்.எல்.ஈ. மார்க் 3 நட்சத்திரம், லித்கோ, 1942. 1150 டொலர். லித்கோ, நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் ஊர். தொழிற்சாலை 1912இல் திறந்தது. இங்கிலாந்து நம்பர் 4க்கு மாறிய பிறகும் அவுஸ்திரேலியர் பழைய மாதிரியையே தொடர்ந்து செய்தார்கள். உள்ளூர் மரம் மென்மையானது என்பதால், அதிர்ச்சி தாங்கும் இடத்தில் செப்புத் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். வாங்குமுன் அந்தச் செப்பு இருக்கிறதா, அதைச் சுற்றி மரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடங்கிலோ முன்மரத்திலோ ஸ்லாஸ் என்ற முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம், அது டெனிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர்தான். போர்க்காலத்தில் மட்டையை விட்டுவிட்டுத் துவக்குக்கு மரம் செதுக்கினார்கள்.

இந்த வகையில் இலக்கம் பார்ப்பது நம்பர் 4ஐ விடக் கூடுதல் வேலை. ரிசீவர், குழல், போல்ட், சைட் இலையின் அடிப்பக்கம், மூக்கு மூடி, முன்மரம் என்று ஆறு இடத்திலும் ஒரே இலக்கம் இருந்தால்தான் முழு விலை. மருமகன் எடுத்த படங்களில் ரிசீவர், குழல், மூக்கு மூடி மூன்றும் ஒன்று. போல்ட் வேறு. இங்கேதான் இரண்டு துவக்குக்கும் நடுவில் பெரிய வித்தியாசம். நம்பர் 4இல் போல்ட் தலைகள் பூச்சியம் முதல் மூன்று வரை அளவு போட்டு வரும். போல்ட் தலைக்கும் ரவைக்கும் இடையில் இடைவெளி கூடிப்போனால் அடுத்த இலக்கத் தலையை மாட்டிச் சரிசெய்யலாம். பழைய எஸ்.எம்.எல்.ஈ.யில் அந்த வசதி இல்லை. பொருந்தும்வரை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பதுதான் வழி. இடைவெளி கூடிய துவக்கைச் சுட்டால் ரவைக் கோது கிழியலாம், முகம் இருப்பது அதற்குப் பக்கத்தில். சுடாமல் சுவரில் மாட்டுவதென்றாலும், ஒரு தரம் துவக்குத் தொழிலாளியிடம் கேஜ் வைத்து அளக்கக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். ஆசை எப்போது மாறும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கதை. விற்பவரிடம் மருமகன் அம்மப்பாவின் படத்தைக் காட்டியிருக்கிறான், பிள்ளைப் புத்தி. இரண்டு நாள் கழித்து விளம்பரத்தில் "இலங்கையில் பாவிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்ந்தது, விலையில் 200 சேர்ந்து 1150 ஆனது. துவக்கில் அப்படிக் காட்டும் முத்திரை ஒன்றும் இல்லை. கடிதமோ பதிவேடோ இல்லை. விற்பனைச் சீட்டில் அந்த வரியை எழுதிக் கையெழுத்து வைப்பாரா என்று கேட்கச் சொன்னேன். ஆள் மௌனம். அந்த 200ஐ முதலில் கழிக்க வேண்டும். பொருந்தாத போல்ட்டுக்கு இன்னும் ஒரு 100. மீதி 850. நல்ல மரத்துக்காக 50 கூட்டிக் கொடுக்கலாம். 900க்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.

ஆக, கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு வந்து நிற்கின்றன. காசாகப் பார்த்தால் லோங் பிராஞ்ச் மேல். இலக்கம் பொருந்துகிறது, உதிரிப்பாகம் கிடைக்கும், விற்க நினைத்தால் ஒரு கிழமையில் போய்விடும். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பேன். ஆனால் நான் அம்மப்பா படத்தைச் சட்டம் போட்டு அதன் கீழே மாட்டப் போகிறவன் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் குழலை அந்தப் படத்துக்குக் கீழே மாட்டினால் அவன் ஒவ்வொரு நாளும் அந்த மூன்று அங்குலத்தைத்தான் பார்ப்பான். அக்காவும் சும்மா இருக்கமாட்டா. அதனால் 900க்கு இறங்கினால் லித்கோ, இறங்காவிட்டால் லோங் பிராஞ்ச் என்று எழுதி அனுப்பினேன்.

உரிமம் அவனிடம் இருக்கிறது. பாதுகாப்பு வகுப்பும் முடித்துவிட்டான். இந்த வகைத் துவக்குக்கு அங்கே கட்டுப்பாடு குறைவு என்றாலும், 2022இலிருந்து வாங்குகிறவரின் உரிமத்தைச் சரிபார்த்து, அதற்குரிய இலக்கம் வந்த பிறகுதான் கை மாற்றலாம். அதற்கு முன்னே காசைக் கொடுத்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னேன். சுவரில் மாட்டுவதென்றாலும் ரவை இல்லாமல், விசைக்குப் பூட்டுப் போட்டு, இறுக்கமாகப் பிணைத்துத்தான் மாட்ட வேண்டும்.

லித்கோக்காரர் இன்னும் பதில் போடவில்லை. லோங் பிராஞ்ச்காரர் தண்டவாளத்தின் படத்தை நேற்று இரவே அனுப்பிவிட்டார். ஓரம் உடையவில்லை, சனிக்கிழமை வரை வைத்திருப்பாராம்.